விதைப்பவர் யார், அறுப்பவர் யார்?
செழிப்பு உபதேசமும் பெங்களூரு உழைப்பாளிகளும்

2005 ஜனவரி 21 முதல் 23 வரை மூன்று நாட்கள் பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலில் அமெரிக்கப் போதகர் பென்னி ஹின்னின் ஜெபக் கூட்டம் நடைபெற்றது. தரம்சிங் தலைமையிலான காங்கிரஸ் – மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி அரசு அனுமதி அளித்தது. பாஜகவும் சங் பரிவார அமைப்புகளும் எதிர்த்துக் களமிறங்கின. மதமாற்றம் நடக்குமா, அரசுத் திடலை ஒரு மதக் கூட்டத்துக்குக் கொடுக்கலாமா என்பதைச் சுற்றியே அன்றைய விவாதம் சுழன்றது. அந்த மேடையில் நின்றவர் உலகெங்கும் விற்றுவந்த சரக்கு எது என்ற கேள்வி எடுபடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலை அவரே பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சொன்னார். காணிக்கை கொடுத்தால் கடவுள் அதைப் பன்மடங்காகத் திருப்பித் தருவார் என்று போதித்தது தவறு என்றும், நற்செய்திக்கு விலை வைப்பது கடவுளுக்கே இழுக்கு என்றும், இனி ஆயிரம் டாலர் விதையுங்கள் என்று எவரையும் கேட்கப்போவதில்லை என்றும் 2019 செப்டம்பரில் பென்னி ஹின் அறிவித்தார். அறிவித்தது அமெரிக்காவில். அவரது பேச்சைப் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் கேட்டு, இருந்ததைக் கொடுத்த எளிய மனிதர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? போதகர் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். கொடுத்த காசு மாறி வராது.

இந்தப் போதனைக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் செழிப்பு உபதேசம். அதன் உள்ளடக்கம் எளிது. தன் பிள்ளைகள் செல்வத்துடனும் உடல்நலத்துடனும் வாழ்வதே கடவுளின் சித்தம். வறுமையும் நோயும் சாபம். விசுவாசத்தோடு காணிக்கை விதைத்தால் முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் கிடைக்கும். விதைத்தும் பலன் வரவில்லையென்றால் விசுவாசம் குறைவு, அல்லது மறைவான பாவம் இருக்கிறது. எப்படிப் போனாலும் போதனை தோற்காது. தோற்பது எப்போதும் கொடுத்தவர்தான்.

அமெரிக்காவில் விளைந்த பயிர்

செழிப்பு உபதேசம் கிறிஸ்தவத்தோடு பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் முளைத்தது. கென்யன், கென்னத் ஹேகின் ஆகியோர் வாயால் அறிக்கையிட்டால் வந்து சேரும் என்ற கோட்பாட்டை வளர்த்தனர். ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸ் அதை விதைக் காணிக்கை என்னும் வசூல் முறையாக்கி, தொலைக்காட்சி வழியே நாடெங்கும் கொண்டுபோனார். 1987 ஜனவரியில், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை மார்ச் மாதத்தில் எடுத்துக்கொள்வார் என்று அவர் அறிவித்தார். தொகை சேர்ந்தது. கடைசியில் பெரும் தொகையைக் கொடுத்துக் காப்பாற்றியவர் ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தய மைதானம் நடத்திவந்த செல்வந்தர் என்பது அந்தக் கதையின் அழகு. 2015இல் கிரெஃப்ளோ டாலர் என்ற போதகர் (பெயரே அதுதான்) 6.5 கோடி டாலர் மதிப்புள்ள தனி விமானம் வாங்கித் தருமாறு தன் ஆதரவாளர்களைக் கேட்டார். அவரும் 2022இல், தசமபாகம் பற்றித் தான் போதித்துவந்தது சரியல்ல என்று ஒப்புக்கொண்டார்.

ஆறு பெரிய போதகர்களின் நிதி விவரங்களைக் கேட்டு 2007இல் அமெரிக்க செனட் உறுப்பினர் சக் கிராஸ்லி தொடங்கிய விசாரணை, 2011இல் எவர் மீதும் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. பென்னி ஹின்னும் கிரெஃப்ளோ டாலரும் அந்த ஆறு பேரில் அடக்கம். மதச் சுதந்திரம் என்ற குடையின் கீழ் மூலதனம் எவ்வளவு பாதுகாப்பாக நிற்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

தமிழ்நாட்டில் இதன் சாயல் வேறு வடிவங்களில் வந்தது. இயேசு அழைக்கிறார் ஊழியத்தின் இளம் பங்காளர் திட்டத்தைப் பல தமிழ்க் குடும்பங்கள் அறியும். குழந்தையின் பெயரைப் பதிவு செய்து பணம் செலுத்தினால் அதன் படிப்புக்காகவும் எதிர்காலத்துக்காகவும் தொடர்ந்து ஜெபிக்கப்படும். காணிக்கைக்கும் சந்தாவுக்கும் இடையிலான கோடு இங்கே மங்குகிறது. பெங்களூருவில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் கூடங்களில் இது புத்தாண்டு வாக்குத்தத்தம், கடன் தீர்க்கும் ஜெபம், வீடு வாங்கும் ஆசீர்வாதம் என்ற பெயர்களில் உலவுகிறது. எல்லாச் சபைகளும் இப்படி அல்ல. பெந்தெகொஸ்தே சபைகளிலேயே இதை வன்மையாக மறுப்பவை உண்டு. இந்த வேறுபாட்டைத் தவறவிடும் விமர்சனம் முதல் அடியிலேயே மக்களை இழந்துவிடும்.

ஒரு சம்பளச் சீட்டின் கணக்கு

பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணின் மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். தசமபாகம் மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400. அவர் கொடுப்பது ஒரு மாதக் கூலியைவிட அதிகம். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் தொழிலாளிக்கு வகுத்த குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. பல தலைமுறைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற அந்தத் தொகை முழுவதும் காணிக்கைப் பையில் விழுந்தாலும் தசமபாகம் நிறைவதில்லை. அதற்கு மேல்தான் விதைக் காணிக்கை, கட்டட நிதி, சிறப்பு விருந்தினர் காணிக்கை.

அதே சீட்டில் இன்னொரு பிடித்தம் உண்டு. இ.எஸ்.ஐ. திட்டத்தில் 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய்க் கூலியில் அவர் கட்டுவது 90 ரூபாய், முதலாளி கட்டவேண்டியது 390 ரூபாய். இந்த 90 ரூபாய்க்கு அவருக்கு மருத்துவமனை உண்டு, நோய்க்கால ஊதியம் உண்டு, மகப்பேறு ஊதியம் உண்டு. கிடைக்காவிட்டால் கேட்பதற்குச் சட்டமும் உண்டு. 1,200 ரூபாய்க்கு என்ன உரிமை உண்டு? நோய் தீராவிட்டால் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

உரிமை, வாக்குறுதி என்னும் இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் இங்கே பேசப்பட வேண்டியது. செழிப்பு உபதேசம் பணத்தை எடுப்பது பெரிய தீங்கு. அதைவிடப் பெரிய தீங்கு, காரணத்தை இடம் மாற்றிவைப்பது. கூலி போதவில்லை என்றால் கூலி கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை, கூலி வாங்குபவரின் உள்ளத்தை நோக்கித் திருப்பிவிடுகிறது. ஒப்பந்த முறையில் வேலை போனது விசுவாசக் குறைவால். மகனுக்கு வேலை கிடைக்காதது வீட்டில் உள்ள சாபத்தால். அமெரிக்கச் சுயமுன்னேற்றப் புத்தகங்களும் பெருநிறுவனப் பயிற்சியாளர்களும் மதச்சார்பற்ற மொழியில் சொல்வது இதைத்தான்: வென்றவன் திறமையால் வென்றான், தோற்றவன் தன்னாலேயே தோற்றான். நவதாராளமயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேதாந்தம் வேண்டியதில்லை.

நோயுற்றவரிடம் இது மேலும் கொடியதாகிறது. குணமாகிவிட்டதாக அறிக்கையிடும் சாட்சிதான் மேடையின் முக்கியச் சரக்கு. மருந்தைத் தொடர்வது அவிசுவாசம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டியதுகூட இல்லை. சாட்சி சொன்னவர் மறுநாள் மாத்திரை விழுங்கக் கூசுவார். நீரிழிவு, வலிப்பு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களை மாய வழியில் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடுக்கிறது. சித்தராமையா அரசு 2017இல் நிறைவேற்றிய மூடப்பழக்க ஒழிப்புச் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் எந்த மதத்துக்கும் பொதுவானவை. ஆனால் கூட்டம் கூடும் பெரிய மேடைகளை இவை தொடுவது அரிது.

சுரங்கம் மூடியபின்

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று சொல்லி நகர்வது சுலபம். பெங்களூருவின் அண்மை வரலாறு அதை ஏற்காது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். வட ஆற்காட்டிலிருந்து சென்ற தலித் தமிழர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பூமிக்கடியில் உழைத்த இடம். 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தோழர்களைப் பலிகொடுத்தவர்கள். செங்கொடி அங்கே வீட்டுப் பொருளாக இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த தலைமுறை விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருவின் கடைகளுக்கும் காவல் பணிகளுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் போய் இரவில் திரும்புகிறது. சங்கம் இல்லை, நிரந்தர வேலை இல்லை, சுரங்கத்தின் மருத்துவமனையும் பழைய நிலையில் இல்லை. குடியிருப்பில் இன்னும் கதவு திறந்திருக்கும் பொது இடங்களில் ஒன்று சபை.

நகருக்குள்ளும் கதை இதுவே. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாட்கள் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைநிறுத்தம் செய்த நகரம் இது. அந்த ஆலைகளில் சில மூடப்பட்டுவிட்டன. மற்றவற்றில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகிவிட்டனர். பின்னி ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. ஆலைவாசல் கூட்டம் நடத்த வாசலே இல்லாத தொழில்கள்தான் இன்று அதிகம்.

சபைகள் என்ன கொடுக்கின்றன என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆராதனை முடிந்து ஒருவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள். நோயில் கிடந்தால் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். பெண்கள் எழுந்து நின்று ஒலிவாங்கியில் பேசுகிறார்கள். குடிகாரக் கணவன் குடியை விட்ட வீடுகள் உண்மையிலேயே உண்டு. தமிழ்நாட்டின் பழைய ஆலயங்களில் தனி வரிசையும் தனிக் கல்லறையும் கண்டவர்களுக்கு, எவரும் எவருக்கு அருகிலும் அமரலாம் என்பது சிறிய விஷயமன்று. 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்றுவரை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. அரசும் பழைய திருச்சபையும் ஒதுக்கியவர்கள், தங்களைச் சேர்த்துக்கொண்ட கூடத்துக்குப் போகிறார்கள். மதம் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சும் ஆகும் என்று மார்க்ஸ் எழுதியதை, அபின் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு மறந்துவிடுவது பழைய பிழை. செழிப்பு உபதேசத்தின் குற்றம் மக்களைப் பெருமூச்சு விடச் செய்ததன்று. அந்தப் பெருமூச்சுக்குக் கட்டணம் வைத்தது.

சங் பரிவாரத்தின் மொழியில் பேசலாகாது

செழிப்பு உபதேசத்தை விமர்சிக்கும் எவரும் கர்நாடகத்தில் இன்னொரு குரலிலிருந்து தம்மைத் தெளிவாகப் பிரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. 2008 செப்டம்பரில் மங்களூரு வட்டாரத் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2022இல் பாஜக அரசு மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மேம்பட்ட வாழ்க்கை கிடைக்கும் என்று சொல்வதையும், இலவசக் கல்வியையும், கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்பதையும்கூட அந்தச் சட்டம் ஆசை காட்டுதல் என்ற வரையறைக்குள் வைத்தது. அதை நீக்குவதென 2023 ஜூனில் காங்கிரஸ் அமைச்சரவை முடிவெடுத்தது.

அந்தச் சட்டத்தின் குறி செழிப்பு உபதேசம் அன்று. பள்ளி நடத்தும் கன்னியாஸ்திரியும் வாடகை வீட்டில் பத்துப் பேரை வைத்து ஜெபிக்கும் ஏழைப் போதகரும்தான் அதில் அகப்படுவார்கள். பெரிய மேடைகளுக்கு வழக்கறிஞர்களும் இருப்பார்கள், அமைச்சர்களின் தொலைபேசி எண்களும் இருக்கும். தாக்குதல் நடக்கும் ஒவ்வொரு முறையும் சாதாரண விசுவாசிகள் அச்சத்தில் ஒன்றுசேர்கிறார்கள்; சபைக்குள் கணக்குக் கேட்கும் குரல் அடங்கிப்போகிறது. சங் பரிவாரமும் செழிப்புப் போதகர்களும் அறிந்தோ அறியாமலோ ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள்.

செல்வத்தை வழிபாட்டுப் பொருளாக்கியது கிறிஸ்தவம் மட்டுமன்று. அட்சய திருதியை அன்று கடன் வாங்கியாவது தங்கம் வாங்கவேண்டும் என்று நகைக்கடைகள் உருவாக்கிய பக்திக்கு என்ன பெயர்? பெங்களூரு சிவாஜிநகரில் ஐ.எம்.ஏ. நிறுவனம், மார்க்கத்துக்கு உகந்த முதலீடு என்று சொல்லிப் பல்லாயிரம் இஸ்லாமியக் குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டியது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டை விட்டு ஓடினார். அடுத்த மாதம் கைதானார். அங்கே வழக்குத் தொடுக்க ரசீது இருந்தது. விதைக் காணிக்கையில் ஏமாந்தவரிடம் ரசீது இல்லை. கொடுத்தது முதலீடு அன்று, விசுவாசம் என்று அவரையே சொல்லவைத்துவிடுகிறார்கள். மத அறக்கட்டளைகள் அனைத்தும், எந்தக் கடவுளின் பெயரில் இயங்கினாலும், உறுப்பினர்கள் முன் வரவு செலவைத் தணிக்கையோடு வைக்கவேண்டும் என்ற கோரிக்கை இடதுசாரிகளின் கோரிக்கையாக இருப்பது நியாயம். ஒரு மதத்துக்கு மட்டும் கேட்டால் அது வேறொருவருடைய கோரிக்கையாகிவிடும்.

பெங்களூரு தந்த மறுமொழி

கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே இதற்கு எழுந்த எதிர்ப்பில் பெங்களூருவுக்குத் தனி இடம் உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அங்கே பயிற்சி பெற்றவர்கள் நாடெங்கும் தலித் மக்களிடையேயும் ஆதிவாசிகளிடையேயும் வேலை செய்யப் போனார்கள். பின்னர் அவரும் ஜார்க்கண்ட் சென்று ஆதிவாசிகளின் நில உரிமைக்காக நின்றார். 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, நடுக்குவாதத்தால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாத நிலையில் உறிஞ்சுகுழல் குவளை கேட்டு நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், பிணை கிடைக்காமலேயே இறந்தார். கடவுளுக்கு உகந்தவன் செழிப்பான் என்ற கோட்பாட்டின்படி இந்த மனிதரை எந்தக் கணக்கில் எழுதுவது?

1981இல் இதே நகரின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் என்ற துறையின் தொடக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். பெங்களூருவில் கிறிஸ்தவ சமூக ஆய்வு நிறுவனத்தை வழிநடத்திய எம்.எம். தாமஸ் மார்க்சியத்தோடு வாழ்நாள் முழுதும் உரையாடியவர். அவசரநிலையை வெளிப்படையாக எதிர்த்தவர். பழமைவாத நற்செய்திச் சபைகளின் உலக மாநாடுகூட 2010இல் கேப்டவுனில் செழிப்பு உபதேசத்தை வேதத்துக்குப் புறம்பானது என்று நிராகரித்தது. 2018இல் வத்திக்கானுக்கு நெருக்கமான சிவில்தா கத்தோலிக்கா இதழும் அதைக் கடுமையாகச் சாடியது.

வேத வசனங்களிலும் போதகர்கள் எடுக்காத பக்கங்கள் இருக்கின்றன. ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசைப் போட்ட கதையைக் காணிக்கை நேரத்தில் கேட்காத சபை இருக்காது. அந்தக் கதைக்கு நேர் முன்னே, விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்பவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பொருளே மாறிவிடும். யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம், அறுவடை செய்த கூலியாட்களின் ஊதியத்தைப் பிடித்துவைத்த செல்வந்தர்களை நோக்கி எழுதப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளின் நகரில் இதைப் போல் பொருத்தமான பிரசங்கம் வேறில்லை.

இது பெங்களூருவோடு நிற்கும் விவகாரமும் அன்று. பிரேசிலில் எதிர் மசேதோ 1977இல் தொடங்கிய சபை, தொலைக்காட்சி நிறுவனமும் அரசியல் செல்வாக்கும் உள்ள பேரமைப்பாக வளர்ந்தது. 2018 தேர்தலில் அவர் பொல்சனாரோவை ஆதரித்தார். அமெரிக்காவில் டிரம்ப்பின் ஆன்மிக ஆலோசகர் பாலா ஒயிட் செழிப்பு உபதேசத்தில் பெயர் பெற்றவர். தன் துன்பத்துக்குத் தானே காரணம் என்று நம்பப் பழகிய மனிதரை, பணக்காரனே கடவுளின் பிரியன் என்று வாக்களிக்கச் செய்வது கடினமில்லை.

2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்த ஒன்றிய அரசின் விதிக்கு எதிராக, பெங்களூருவின் ஆடைத் தொழிலாளிப் பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். பெரிய சங்கம் எதுவும் அழைக்கவில்லை. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் ஞாயிறுதோறும் சபைக்குப் போகும் பெண்களும் இருந்திருக்கத்தான் வேண்டும். தம் பணம் என்று தெரிந்த இடத்தில் அவர்கள் அற்புதத்துக்குக் காத்திருக்கவில்லை. நுண்கடன் வசூலின் கொடுமை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததே சாட்சி. கடன் தீர்க்கும் ஜெபத்துக்கு வருபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

கட்சிக் கிளைகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் கூடுகின்றன. ஆராதனையும் அதே நேரத்தில் நடக்கிறது. ஒரே தெருவில் இரண்டு கூட்டங்கள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல். ஆராதனை முடிந்து பிற்பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளியிடம் கடவுளைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. அவருடைய இ.எஸ்.ஐ. எண்ணில் முதலாளி பணம் கட்டியிருக்கிறாரா, வைப்பு நிதி ஏறியிருக்கிறதா, கடன் கொடுத்த நிறுவனம் வீட்டு வாசலில் வந்து என்ன பேசியது என்று கேட்டு எழுதிக்கொள்ள அந்தப் பிற்பகல் போதும்.